மலையேறும் சைக்கிளைக் குளிப்பாட்டுகிறவர்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்க் குழாயடிக்கு வந்து பாருங்கள். இரண்டு வாளிகளுக்கு நடுவே ஒருவர் குந்தியிருப்பார். அவர்தான் சைக்கிள் துடைப்பவர். ஓட்டுபவர் வேறு இனம். அந்த இனத்தின் சைக்கிளில் சேறு இருக்கும்.

எங்கள் குடியிருப்பில் வாழும் மாதிரிக்கு ஷாம்பு சார் என்று பெயர். காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். அவருடையது மலையேறும் சைக்கிள். காடு, மேடு, பாறை, ஓடை எதில் விழுந்தாலும் எழுந்து ஓடும்படி தடித்த டயர் போட்டுச் செய்தது. வாங்கிய இரண்டு ஆண்டுகளில் அது ஏறிய மிக உயரமான இடம் மூன்றாம் மாடி. அதுவும் லிஃப்டில். அந்த நேரத்தில் கைக்குழந்தையோடு நிற்கும் பெண் படியேறிப் போக வேண்டியதுதான். சைக்கிளில் இடித்துவிட்டால்?

குளியலைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். முதலில் கைக்கடிகாரம் கழலும், பிறகு பெல்ட், பிறகு கல்யாண மோதிரம், ஏனென்றால் உலோகம் எதுவும் பெயிண்டில் உரசக் கூடாது. அப்புறம் தூங்குகிற பிள்ளையை நனைப்பதுபோல் மேலிருந்து மெல்லத் தண்ணீர் விட்டு, ஒட்டிய தூசி தானாக ஊறிக் கழல ஐந்து நிமிடம் காத்திருந்து, ஒரு வாளியில் நுரை, மறு வாளியில் ஸ்பாஞ்சை அலச நல்ல தண்ணீர், பிரேமுக்குக் குழந்தைகள் ஷாம்பு, செயினுக்குப் பழைய பல் பிரஷ் என்று வேலை நடக்கும். செயினைத் தொட்ட துணி பிரேமைத் தொடக் கூடாது. தரையில் விழுந்த துணி எதையுமே தொடக் கூடாது. தீண்டாமை ஒழிந்துவிட்டது என்று யார் சொன்னது?

அதே நேரத்தில் மூன்றாம் மாடியில் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து அவர் மனைவியின் விரல் நுனிகள் வெடித்திருக்கும். அந்தப் பரப்புக்கு எந்த ஷாம்பு உகந்தது என்று ஆராய ஷாம்பு சாருக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

குழாயடிப் பக்கம் யார் போனாலும் உபதேசம் உண்டு. "சேறு கீறாது சார். காஞ்ச சேத்தைக் காஞ்ச துணியால துடைக்கிறவன்தான் கீறுறான். முதல்ல தண்ணி. எப்பவும் முதல்ல தண்ணி." அறிவியல்படி இதில் ஒரு பிழையும் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

அவர் மனைவி ஒரு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எட்டு ஆண்டுகளாகத் தற்காலிக ஊழியர். அதே ஊசி, அதே இரத்தம், அதே நேரம்; பக்கத்து நாற்காலிக்காரருக்கு மட்டும் வேலை நிரந்தரம். இந்த அநியாயத்திலிருந்து வெளியேற ஒரே வழி ஒரு தேர்வு. வயது வரம்பின்படி அவருக்கு இதுதான் கடைசி முறை. அது போன ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, நான்கு கிலோமீட்டருக்கு அப்பால்.

இரவெல்லாம் மழை. பேருந்து வரவில்லை. தேர்வு மையத்துக்குப் போகும் சாலையைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்ததால் வாடகைக் காரும் வர மறுத்துவிட்டது. எட்டேகாலுக்கு அந்த அம்மாள் குழாயடிக்கு வந்தபோது நானும் வாளியோடு வரிசையில் நின்றிருந்தேன்.

"என்னங்க, சைக்கிளைக் குடுங்க. எட்டே முக்காலுக்குக் கேட்டை மூடிடுவாங்க."

"இப்பத்தான் நுரை போட்டிருக்கேன். அந்த ரோடு பூரா சேறு."

"சேத்துல ஓட்டத்தானே வாங்குனீங்க?"

"அது வேற சேறு. இது தோண்டுன சேறு. கல்லு கலந்திருக்கும்."

பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் விடலாமே என்று நான் இடையில் புகுந்தேன். கேரியர் மாட்டினால் பிரேமில் தழும்பு விழுமாம், அதனால் மாட்டவில்லையாம். வேகமாக நடந்தால் உடம்புக்கும் நல்லது என்று மனைவிக்கு ஆலோசனை வேறு சொன்னார்.

அந்த அம்மாள் பையைக் குறுக்கே மாட்டினார், சைக்கிளைப் பிடித்தார், ஏறினார், போய்விட்டார். வாசல் வரை நுரை சொட்டியது. ஷாம்பு சார் ஸ்பாஞ்சும் கையுமாக நின்றார்.

மதியம் ஒன்றரைக்குச் சைக்கிள் திரும்பி வந்தது. பளீரென்று வெயில் அடித்திருந்ததால் சேறு பொருக்குத் தட்டிக் காய்ந்திருந்தது. ஐந்து மணி நேரம் வாசலிலேயே தவித்த மனிதர் ஓடினார். யாரை நோக்கி என்று கேட்காதீர்கள். தோளில் கிடந்த துண்டை உருவி, பிரேமைப் பிடித்து அழுத்தித் துடைத்தார்.

கரகரவென்று ஒரு சத்தம்.

நீலப் பெயிண்டின் மேல் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைக் கோடு.

"பாத்தியா, கீறிட்டே," என்றார் மனைவியிடம்.

"நான் கொண்டுவந்தது சேறு. கீறுனது நீங்க," என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் மாடி ஏறிப் போனார்.

அதன் பிறகு குடியிருப்பே கீறலைப் பார்க்கக் கூடியது. இரண்டாம் மாடி ஓவிய ஆசிரியர் மூன்று நீலங்களைக் கலந்து பார்த்தார். ஒருவர் நகப்பூச்சு என்றார், ஒருவர் மெழுகு என்றார், பற்பசையை வைத்துத் தேய்த்தால் மறையும் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். கைபேசி விளக்கைக் காட்டி, வெளிச்சத்தைச் சாய்த்து, எந்தக் கோணத்தில் தெரிகிறது, எந்தக் கோணத்தில் தெரியவில்லை என்று இரண்டு நாள் ஆராய்ந்தோம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எங்களோடு சேர்ந்து நீங்களும் இவ்வளவு நேரம் குனிந்து அந்தக் கோட்டைத்தானே பார்த்தீர்கள்? அந்த அம்மாள் கேட்டை மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்டீர்களா?

நான் புதன்கிழமை படிக்கட்டில் அவரைப் பார்த்தபோதுதான் கேட்டேன்.

"மூணு நிமிஷம் மிச்சம் இருந்துச்சு அண்ணா. நல்லாவே எழுதியிருக்கேன்," என்றார். இரண்டு படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார். "நீங்கதான் முதல்ல கேக்குறீங்க."

'நானும் மனதுக்குள் கேட்டேனே' என்பீர்கள் நீங்கள். ஷாம்பு சாரும் அதைத்தான் சொல்கிறார்.