லாஷிங் அண்ணாச்சியின் முழங்கால்

தூத்துக்குடித் துறைமுகத்தில் யாருக்கு எங்கே சுளுக்கினாலும், டாக்டருக்கு முன்னால் சேதி போவது லாஷிங் அண்ணாச்சிக்குத்தான். கப்பலில் ஏற்றிய சரக்கு ஆடாமல் கம்பியும் கயிறும் போட்டு இறுக்குவதற்கு லாஷிங் என்று பெயர். முப்பது வருஷமாக அதே வேலை. அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும்.

மனித உடம்பும் அவருக்கு ஒரு கப்பல்தான். கப்பல் ஏஜென்சி குமாஸ்தாவான நான் ஒருநாள் தோள்வலி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பிடித்துக்கொண்டார்.

"எலும்பு கிரேன் கை. தசை வின்ச்சு, கயித்தச் சுத்தி இழுக்குற உருளை. ரெண்டையும் சேக்குற தசைநாண் வயர்ரோப்பு. எலும்பையும் எலும்பையும் கட்டி வச்சிருக்க ஜவ்வுதான் லாஷிங். வின்ச்சு இழுக்கத்தாம்ல செய்யும், தள்ளாது. கைய மடக்க ஒண்ணு, நீட்ட ஒண்ணு. ஒண்ணு இழுக்கையில மத்தது விட்டுக் குடுக்கணும்."

இதை விளக்க என் கையின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, இரண்டு ஆட்களிடம் கொடுத்தார். இருவரும் சேர்ந்து இழுத்துவிட்டார்கள். அதன்பின் அவர் காதுபட வலி என்ற சொல்லையே நான் எடுத்ததில்லை.

போன வருஷம் கப்பல் ஏணியில் வழுக்கி, அண்ணாச்சிக்கு முழங்கால் ஜவ்வு அறுந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கச் சொல்லி அனுப்பினார். ஒரு மாதம் கழித்து நான் பார்க்கப் போனால், காலின் இரு பக்கமும் பலகை வைத்துக் கப்பல் கயிற்றால் தானே இறுக்கி வைத்திருக்கிறார்.

"புது லாஷிங்லா. அசைஞ்சா அறுந்துரும்லே."

கட்டை அவிழ்த்தோம். கால் மடங்கவில்லை. இன்னும் மூன்று மாதத்தில் அவர் துறைமுக அதிகாரிகள் முன்னால் கப்பல் ஏணி ஏறிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் கேட்டில் நாற்காலி போட்டு லாரி நம்பர் எழுத வேண்டியதுதான். அண்ணாச்சி முகம் சுண்டிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது.

"அண்ணாச்சி, ஒரு மாசம் ஓட்டாத வின்ச்சு என்ன ஆவும்?"

"துரு ஏறி இறுகிக்கிடும்."

"ஒங்க கால்ல எத்தன வின்ச்சு இருக்கு?"

தன் தொடையை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு பலகையை, உதைக்க முடியாததால், கையால் தள்ளிவிட்டார்.

மறுநாளிலிருந்து பிசியோதெரபி. நாசரேத்துக்காரப் பெண் ஒருத்தி காலைப் பிடிக்க, இவர் கிரேனுக்குக் காட்டுவதுபோல் விரலைக் கீழே காட்டுவார். "மெல்ல எறக்கு தாயி. இன்னும் கொஞ்சம். நிப்பாட்டு." நாலே நாளில் அவளும் சைகை இல்லாமல் காலைத் தொடுவதில்லை.

சோதனை நாளன்று பாதி ஏணியில் நின்றுவிட்டார். அப்புறம் தன் முழங்காலைப் பார்த்து கிரேனைத் தூக்கச் சொல்வதுபோல் விரலை மேலே சுழற்றிக் காட்டிவிட்டு, மீதியையும் ஏறினார்.

மேலிருந்து, "ஏலே, ஒன் தோள்வலி எப்படிலே இருக்கு?" என்றார்.

பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை. அவர் ஏறிய ஒவ்வொரு படிக்கும் கீழே என் முழங்காலும் மடங்கி நிமிர்ந்து ஓய்ந்துபோயிருந்தது.