செயலரின் வயிற்றுவலி

இனிமேல் உலை வைக்கப்போவதில்லை, மரச்சீனிக் கிழங்கு தொலிக்கப்போவதில்லை என்று சத்தியநேசன் சபதம் எடுத்தார். பதினோரு வருஷமாகச் சபைச் செயலர். போதகரே அவரிடம் கேட்டுத்தான் தும்முவார். அப்பேர்ப்பட்ட மனுஷனை மாசம் மூன்று நாள் அடுப்படியில் நிறுத்திவிட்டு, பெண்டாட்டி ஜெனிலா வெந்நீர்ப் பையோடு படுத்துக்கொண்டால் மானம் என்னாவது?

“ஏட்டி, ரெண்டு பெத்தாச்சு. இன்னுமா மாசாமாசம் வயித்துவலி? ஒரு பிள்ளை பெத்தா எல்லாம் மாறும்னு எனக்க அம்மை சொன்னாளே!”

“மாறிச்சே. கல்யாணத்துக்கு முன்ன ஒரு நாளு. இப்ப மூணு.”

“நடிப்பு!”

“நான் சொன்னா நம்பவா போறிய? ஞாயித்துக்கிழமை பெண்கள் சங்கத்துக்கு அஸ்வதி டாக்டர் வாறாவ. கேள்விப் பெட்டி உண்டு. பேரு போடண்டாம். யாரு வேணும்னாலும் கேக்கலாம்.”

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

சத்தியநேசனுக்கு உச்சி குளிர்ந்தது. நடிப்பு என்று டாக்டர் வாயாலேயே வரட்டும், அதுவும் அத்தனை பெண்கள் முன்னால்! கதவைச் சாத்தி, இடது கையால் கோணல்மாணலாக எழுதிப் பெட்டியில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மைக் சரிபார்க்கிற சாக்கில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சங்கத் தலைவி ஜெனிலாதான் சீட்டுகளை வாசித்தாள். ஒரு கை அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தது. நான்காவது சீட்டுக்குத் தொண்டையைச் செருமினாள்.

“‘கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களுக்கு ஸ்தோத்திரம். நான் இரண்டு பிள்ளை பெற்ற தாய். பிள்ளை பெற்றால் மாதவிடாய் வலி போய்விடும்தானே? போகவில்லை என்றால் நடிப்புதானே? இங்ஙனம், சபைச் செயலர்.’”

பதினோரு வருஷம் நோட்டீஸ் எழுதிய பழக்கம். எந்தக் கையால் எழுதினால் என்ன, அந்தக் கடைசி வரி தானாக வந்து விழுந்துவிட்டது! கோயிலே குலுங்கியது.

“செயலருக்கு ரெண்டும் சுகப்பிரசவமா?” முன்வரிசையிலிருந்து நேசபாய் கேட்டாள்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “வயசாக ஆக, பிள்ளை பெத்த பிறகு, நெறைய பேருக்குக் குறையும். எல்லாருக்கும் இல்ல. குறையாம கூடிக்கிட்டே போனா அது நடிப்பில்ல, ஸ்கேன் எடுத்துப் பாக்கணும். அந்தத் தாயை நாளைக்கே கூட்டிட்டு வாங்க.”

“அதுவரைக்கும் டாக்டர்?” என்றாள் ஜெனிலா.

“வலி உள்ள நாளு ஓய்வு. சமையலை வேற ஆளு பாக்கட்டு.”

ஜெனிலா அங்கேயே தீர்மானம் கொண்டுவந்தாள். அத்தனை கையும் எழும்பின. மினிட்ஸ் நோட்டு கடைசி பெஞ்சுக்கு வந்தது. மாசம் மூன்று நாள் வீட்டுச் சமையல் செயலர் பொறுப்பு என்று சத்தியநேசன் வலது கையாலேயே எழுதி, நோட்டை அவசரமாக மூடித் திருப்பி அனுப்பினார்.

“பிள்ளையளுக்க அப்பா,” நோட்டை விரித்துப் பார்த்துவிட்டு மைக்கிலேயே கூப்பிட்டாள் ஜெனிலா, “கீழ வழக்கமா ஒண்ணு போடுவியளே, அதை விட்டுட்டிய.”