சம்பந்தியின் குலத்தை விசாரித்தேன்

சாதி பார்ப்பது பாவம் என்று முப்பது வருஷம் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். அந்த நானே, என் தங்கை மகளின் நிச்சயதார்த்தத்தன்று, ஸ்காட்லாந்திலிருந்து வந்த சம்பந்தியிடம் "நீங்கள் என்ன குலம்?" என்று கேட்டேன்.

மாப்பிள்ளை கேலம், ரங்கூனுக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்தவன். அவனும் தங்கை மகள் எஸ்தரும் என் சம்மதத்துக்காக நான்கு வருஷம் காத்திருந்தார்கள். (மறுக்க ஒரு காரணமும் இல்லை. யாரும் முறைப்படி வந்து கேட்கவில்லை என்ற கோபம்தான்.) கடைசியில் அவன் அப்பாவே ரங்கூன் கியாக்டடா பேட்டையில் தங்கை ஞானத்தின் வீட்டுக்கு, நான்கு மாடி ஏறி, அவர்கள் ஊர் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட பாவாடையோடு வந்து நின்றார். நாங்களும் லுங்கி கட்டியிருந்ததால் யாரும் சிரிக்கவில்லை.

என் வாய்தான் சும்மா இருக்கவில்லை. மிஷன் பள்ளியில் ஸ்காட்லாந்துக் கதைகளைக் கரைத்துக் குடித்தவன் நான். ஆளை முதுகில் ஏற்றிக்கொண்டு ஏரிக்குள் பாயும் குதிரைப் பிசாசு, சிலந்தி வலை பின்னுவதைப் பார்த்துவிட்டு மறுபடி போருக்குப் போன ராஜா, எல்லாம் அத்துப்படி. அதைக் காட்டிக்கொள்ளத்தான் குலத்தைக் கேட்டேன். அவர் நெஞ்சை நிமிர்த்திப் பெயரைச் சொன்னார். (இங்கே எழுத மாட்டேன். எழுதினால் மறுபடி ஆரம்பித்துவிடுவேன்.)

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. முன்னூறு வருஷத்துக்கு முன், பனிக்காலத்தில், அந்தக் குலத்துச் சிப்பாய்கள் ஒரு பள்ளத்தாக்கில் விருந்தாளிகளாகத் தங்கினார்கள். பன்னிரண்டு நாள் சாப்பிட்டார்கள், சீட்டாடினார்கள். பிறகு ஒரு விடியற்காலையில், சோறு போட்டவர்களையே கொன்றார்கள். பத்து வயதில் அதைப் படித்து அழுதவன் நான். அந்தப் படுபாவிகளின் வாரிசு என் தங்கை வீட்டு நாற்காலியில்!

"ஞானம், பிரியாணிச் சட்டியை மூடு!"

"என்னாண்ணே, ஈ விழுந்திருச்சா?"

"சோறு போட்ட கையை வெட்டுன கூட்டம் இது. முதல்ல மன்னிப்பு கேட்கச் சொல்லு."

"யாருகிட்ட? உங்ககிட்டயா?"

ஆங்கிலத்துக்குத் தாவி, முழுக் கதையையும் சம்பந்தியின் முகத்துக்கு நேரே முழங்கினேன். எஸ்தர் அழ ஆரம்பித்தாள். கேலம் மோதிரப் பெட்டியை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவன் அப்பா தலைகுனிந்து கேட்டுவிட்டு, "உண்மைதான். எங்கள் ஊரிலும் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். நாங்கள் கிளம்பட்டுமா?" என்று எழுந்தார்.

ஞானம் கரண்டியோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, நம்ம தாத்தா மேஸ்திரிதானே? ஊர்ல இருந்து நாப்பது பேரை இங்க வேலைக்குக் கூட்டியாந்தாரு. ஜப்பான்காரன் குண்டு போட்டதும் அத்தனை பேரையும் விட்டுட்டு, தான் மட்டும் கப்பல் ஏறுனாரு. இந்தியாவுக்குக் காட்டு வழியில நடந்தே அதுல எத்தனை பேர் செத்தாங்க! சண்டை முடிஞ்சதும் ஒண்ணும் நடக்காத மாதிரி திரும்பி வந்தாரு. நீங்க யாருகிட்ட மன்னிப்பு கேட்டீங்க? அப்படிச் செத்த ஒருத்தரோட குடும்பம் பக்கத்துத் தெருவுலதானே இருக்கு? போன கிறிஸ்மஸுக்கு அவங்க வீட்டுல மீன் போட்ட மொஹிங்கா சூப்பு ரெண்டு கிண்ணம் குடிச்சீங்களே!"

எனக்குத் தெரியும். அறுபது வருஷமாகத் தெரியும். யாரோ ஒருவருடைய பாட்டனுக்காகப் பொங்கிய எனக்கு, என் பாட்டனை நினைத்து ஒரு வேளைகூடச் சோறு இறங்காமல் போனதில்லை.

எஸ்தரிடம் மன்னிப்புக் கேட்டேன். சட்டியை நானே திறந்து நானே பரிமாறினேன். அவசரத்தில் கரண்டி சரிந்து, சம்பந்தியின் பாவாடைமேல் பிரியாணி கொட்டியது. "முன்னூறு வருஷத்துக்கு இது ரொம்பக் குறைந்த தண்டனை" என்றார் அவர். கேலம் பெட்டியை மறுபடி வெளியே எடுத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருவுக்குப் போய்த் தாத்தா செய்ததைச் சொன்னேன். "தெரியும் மாமா. நீங்களா எப்ப வாயைத் திறப்பீங்கன்னுதான் பார்த்துக்கிட்டிருந்தோம்" என்றார்கள்.

இதையெல்லாம் குடும்பத்தில் சிரிப்புக் கதையாக்கிவிட்டார்கள். அநியாயம்! இப்போது எந்தப் பெண்ணுக்கு வரன் வந்தாலும் முதலில் என்னை உட்கார வைத்துச் சோறு போடுகிறார்கள். என் வாய் நிறைந்த பிறகுதான் மாப்பிள்ளையின் பெயரைச் சொல்கிறார்கள்.