முகவரி எழுதாத சாட்சி

பெருமதிப்பிற்குரிய பைன் ஹாலோ வார இதழின் ஆசிரியர் திரு. ரஸ்ஸல் ஹாவ்கன் அவர்களுக்கு,

பதினோரு ஆண்டுகளாகத் தங்கள் நான்காம் பக்கத்தில் 'வேலியோரம்' பத்தியை எழுதிவரும் ஆர்வில் ஸ்டென்ருட் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. நான் நலம். என் மனைவி பெர்னடீனுக்கு வைத்த புது முழங்கால் என்னைவிட நலம். தங்கள் நலத்தையும், ஈரம் பட்டால் மக்கர் பண்ணும் தங்கள் அச்சு இயந்திரத்தின் நலத்தையும் அறிய ஆவல்.

இந்த வாரம் உச்ச நீதிமன்றத்தைப் பற்றி எண்ணூறு வார்த்தைகள் தருவதாகச் சொல்லியிருந்தேன். அதை எழுதும் யோக்கியதை இந்த வாரம் எனக்கு இல்லை. அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தை ஒரு வரி வெட்டாமல் அச்சிட வேண்டுகிறேன். இது என் நாற்பது வருட நண்பன் டெல்மர் கிராஃப்டிடம் ஊர் அறிய நான் கேட்கும் மன்னிப்பு. செவ்வாய்க்கிழமை நடந்த டவுன் தலைவர் தேர்தலில் டெல்மர் 212, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மார்லிஸ் டெனன்ட் 212 என்று நின்றதும், பிறகு சீட்டுக் குலுக்கியதும் ஊருக்கே தெரியும். என் வீட்டு ஓட்டு ஒன்று எண்ணப்படாமல் உறைக்குள்ளேயே கிடந்தது என்பது பலருக்குத் தெரியாது. அதற்குக் காரணம் நான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெர்னடீனுக்கு ஆபரேஷன் முடிந்து படியிறங்க முடியாததால் தபால் ஓட்டுக்கு எழுதிப் போட்டோம், சீட்டு வந்தது, அவள் என்னை ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுக் குறியிட்டு உறையில் போட்டு ஒட்டினாள், இனி சாட்சி கையெழுத்துப் போட வேண்டியது நான். அப்போது நான் சமையலறை மேசையில் அந்த வாரப் பத்தியை எழுதிக்கொண்டிருந்தேன். தலைப்பு தங்களுக்கு நினைவிருக்கும்: 'ஓர் எழுத்து குறைந்தாலும் ஓட்டு செல்லாது.' சாட்சி தன் முகவரியை எழுதாவிட்டால் அந்த உறையைத் திறக்கவே கூடாது, விடுபட்டதை டவுன் கிளார்க் தன் கையால் நிரப்பவும் கூடாது, தேர்தல் நாள் முடிவதற்குள் சாட்சியே நேரில் வந்து நிரப்ப வேண்டும் என்று விளாசிக்கொண்டிருந்தேன். அந்த வேகத்திலேயே உறையை வாங்கி, பெரிதாக ஒரு கையெழுத்தைப் போட்டு, முகவரி எழுதாமல் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, இரண்டாம் பாராவுக்குத் திரும்பினேன்.

டவுன் கிளார்க் கொலீன் வோய்டாக் நல்ல பெண், ஆனால் எதிர்க்கட்சிக்காரி, அவள் வீட்டு வாசலில் நட்டுவைத்த பலகைகளைப் பற்றி நான் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். உறையைப் பார்த்த அன்றே அவள் எனக்குப் போன் செய்திருக்கிறாள். தேர்தல் மாதத்தில் தெரியாத எண்ணிலிருந்து வரும் போனை எடுக்காதீர்கள் என்று ஊருக்கே எழுதியவன் நான், எடுக்கவில்லை. மறுநாளும் அடித்தாள், எடுக்கவில்லை. பதிவு இயந்திரத்தில் "ஆர்வில், உங்க உறை விஷயமா..." என்று ஆரம்பித்தது, பணம் பிடுங்கும் கும்பல்தான் என்று அழித்தேன். கடைசியில் திங்கட்கிழமை அவளே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். என் பத்தியைப் படித்துவிட்டுச் சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்து, எழுபத்து நான்கு வயதில், டிராக்டர் கொட்டகைக்குள் போய் உரமூட்டைக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். பெர்னடீன் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். கொலீன் கதவில் ஒரு சீட்டைச் செருகிவிட்டுப் போனாள். அதை எங்கள் நாய் தின்றுவிட்டது.

ஓட்டுகள் சமம் என்று செவ்வாய் இரவு தெரிந்தது. எண்ணாத உறை என் மனைவியுடையது என்பது புதன் காலையில் தெரிந்தது. தொப்பியைக்கூட மறந்துவிட்டு டவுன் ஹாலுக்கு ஓடினேன்.

"கொலீன், என் வீடு உனக்குத் தெரியாதாம்மா? போன கிறிஸ்துமஸுக்கு எங்க மேசையில உக்காந்து மூணு துண்டு ஆப்பிள் பை தின்னியே!"

"நாலு துண்டு. வீடு தெரியும், ஆர்வில். திங்கக்கிழமைகூட வந்தேன். கொட்டகையில உங்க பூட்ஸ் வெளிய நீட்டிட்டிருந்துச்சு."

"அப்ப நீயே எழுதிரு. நாலு நம்பர்தானே!"

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து, கத்தரித்து வைத்திருந்த என் பத்தியை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். "'கிளார்க் இரக்கப்படத் தொடங்கும் இடத்தில் தேர்தல் முடிந்துபோகிறது.' நல்லா எழுதியிருக்கீங்க. இதைப் படிச்சதுல இருந்து நான் யாருக்கும் எழுதிக் குடுக்கிறதில்ல. எங்க சின்னம்மாவோட உறையும் இதே மாதிரிதான் வந்துச்சு. அதுல சாட்சி போட்டவங்களைத் தேடிப் புடிச்சேன், வந்து எழுதிட்டாங்க. உங்களைத்தான் புடிக்க முடியல."

வீட்டுக்கு வந்து நீதிமன்றத்துக்கு மனு எழுத உட்கார்ந்தேன். சட்டத்தின் எழுத்தைப் பார்க்காமல் அதன் நோக்கத்தைப் பாருங்கள் என்று நான்கு பக்கம் உருகி எழுதி, பெர்னடீனுக்குப் படித்துக் காட்டினேன். தலையணையில் காலைத் தூக்கி வைத்தபடி கேட்டாள்.

"சட்டத்துல என்ன எழுதியிருக்கோ அதைப் படிக்கிறதுதான் ஜட்ஜுக்கு வேலை, வரிக்கு நடுவுல படிக்கிறது இல்லன்னு ஒருத்தர் எழுதிட்டே இருப்பாரே, அவரை உங்களுக்குத் தெரியுமா?"

மனுவைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அவள் ஓட்டு வீணானதுதான் எனக்கு வலித்தது. பதினெட்டு வயதிலிருந்து ஒரு தேர்தலைக்கூட விட்டவளில்லை அவள். பிரசவத்துக்கு மறுவாரம் போய் ஓட்டுப் போட்டிருக்கிறாள், பனிப்புயலில் போட்டிருக்கிறாள். 'நான் வாக்களித்தேன்' என்று தரும் சின்ன ஒட்டுச் சீட்டுகளை மளிகை அலமாரிக் கதவின் உட்புறத்தில் வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறாள். மாவு எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த வரிசையின் கடைசியில் ஒரு வெற்றிடம் என்னைப் பார்க்கிறது.

வெள்ளிக்கிழமை மதியம் சட்டப்படி சீட்டுக் குலுக்கினார்கள். டவுன் ஹால் சமையலறையிலிருந்த காபி டின்னில் இரண்டு பெயர்களைப் போட்டு, தேர்தல் குழுவில் இருந்த அம்மையார் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். மார்லிஸ். டெல்மர் அவளோடு கை குலுக்கினான், கண்ணியமாகத்தான் நடந்துகொண்டான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நாலு நம்பர்யா, ஆர்வில்! ஒரு வீட்டு நம்பர் எழுதத் துப்பில்ல, நீ வாஷிங்டனைத் திருத்தப் போறியா?"

அன்று மாலை வழக்கமான மீன் வறுவலுக்கு ஊர் உணவகத்துக்குப் போனேன். முப்பது வருடமாக வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் உட்காரும் மேசையில் டெல்மர் சுவரைப் பார்த்துத் தனியாக உட்கார்ந்திருந்தான். நான் பெர்னடீனுக்கு ஒரு பொட்டலம் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஆனாலும் ஐயா, ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். இந்த நாட்டின் தேர்தல் ஓட்டைப் பானை, எந்தக் கிளார்க்கும் தன் கட்சிக்காரனுக்குத்தான் கதவைத் திறப்பாள் என்று பதினோரு வருடம் பயந்து பயந்து எழுதினேன். இப்போது என் வீட்டு ஓட்டே அந்தக் கதவில் முட்டியது, கதவு அசையவில்லை. தன் சின்னம்மாவுக்கும் எனக்கும் கொலீன் ஒரே சட்டத்தைத்தான் காட்டினாள். தோற்றவன் கை குலுக்கிவிட்டு மீன் சாப்பிடப் போனான். வெள்ளி ராத்திரி பல மாதத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் தூங்கினேன். சட்டம் சரிதான். எழுதியவன்தான் மடையன்.

ஆகவே டெல்மர், உனக்கு வரவேண்டிய பதவியை என் கவனக்குறைவால் கெடுத்தேன். மன்னித்துவிடு. அடுத்த வெள்ளிக்கிழமை சுவரைப் பார்க்காமல் உட்கார்.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்துக்கும், அச்சுக் கோக்கும் பிள்ளைகளுக்கும் கர்த்தர் எல்லா நலமும் அருளட்டும். இனி நான் கையெழுத்திடும் எதற்கும் சாட்சி வேண்டும் என்று முடிவு செய்திருப்பதால், இதில் பெர்னடீனிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
ஆர்வில் ஸ்டென்ருட்

பின்குறிப்பு: ஐயா, தயவுசெய்து மேலே உள்ளதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இதைப் படிக்கவும். கையெழுத்துக்காகக் கடிதத்தைப் பெர்னடீனிடம் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு, பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"டெல்மர்கிட்ட எதுக்கு மன்னிப்பு?"

"உன் ஓட்டு அவனுக்குப் போய்ச் சேரலையே."

"அவனுக்குன்னு யாரு சொன்னா? நான் மார்லிஸுக்குப் போட்டேன். ஆபரேஷனுக்குப் போறப்ப அந்த ஓடைப் பாலத்துல கார் குதிச்ச குதியில எனக்கு உசுரே போச்சு. பாலத்தைச் சரி பண்றேன்னு சொன்னது அவதான். டெல்மர் வரியைப் பத்தி மட்டும்தான் பேசினான்."

அதாவது, நான் முகவரியை ஒழுங்காக எழுதியிருந்தால் செவ்வாய்க்கிழமையே 213க்கு 212 என்று டெல்மர் தோற்றிருப்பான், காபி டின்னுக்கே வேலை இருந்திருக்காது. நான் அவனைக் கவிழ்க்கவில்லை, மூன்று நாள் தாங்கிப் பிடித்திருக்கிறேன்!

"இத்தனை வருஷமா இதையெல்லாம் நீ சொன்னதே இல்லையே?" என்று கேட்டேன்.

"நீங்க எப்பக் கேட்டீங்க? ஜட்ஜு என்ன நெனைக்கணும், கவர்னர் என்ன நெனைக்கணும்னு பதினோரு வருஷமா எழுதினீங்க. பெர்னடீன் என்ன நெனைக்கிறாள்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை, ஐயா. இன்று கேட்டேன். இரண்டு குவளை காபி ஆறும்வரை சொன்னாள். நீதிமன்றங்களைப் பற்றி அவள் என்னைவிடக் கறாராக இருக்கிறாள். பாலத்தில்தான் நாங்கள் வேறு வேறு கட்சி. பிறகு ஊன்றுகோலோடு எழுந்து, என் இழுப்பறையிலிருந்து, தர்ம ஸ்தாபனங்கள் வருடாவருடம் இலவசமாக அனுப்பி முந்நூறுக்கு மேல் சேர்ந்து கிடக்கும் எங்கள் முகவரி அச்சிட்ட ஒட்டுச் சீட்டுகளில் ஒன்றைக் கிழித்து, மளிகை அலமாரிக் கதவில் அந்த வெற்றிடத்தில் ஒட்டினாள். தள்ளி நின்று பார்த்துச் சிரித்தாள். புதன்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

ஆகவே மன்னிப்புக் கேட்கும் இடத்தில் டெல்மர் பெயரை அடித்துவிட்டு மார்லிஸ் என்று போடவும். வேண்டாம், அவள்தான் ஜெயித்துவிட்டாளே. பெர்னடீன் என்று போடவும்.

சாட்சி: பெர்னடீன் ஸ்டென்ருட். கீழே இருக்கும் முகவரிச் சீட்டு அவளே ஒட்டியது. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு ஒட்டியிருக்கிறாள்.