கம்ப்யூட்டருக்குக் களி கிண்டத் தெரியாது

ராஜசேகர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். இந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்படிப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

வாரமெல்லாம் ஓசூரில் ஷிப்ட் பார்க்கிறவள் சுமலதா. அதனால் ஞாயிறு சமையல் புருஷனுடையது என்பது வீட்டு ஒப்பந்தம். அதிலிருந்து நழுவ இப்போது அருமையான சாக்கு கிடைத்திருந்தது. புதிதாகச் சேரும் பயிற்சியாளர்களுக்குப் புரோகிராமிங் அரிச்சுவடி ஒன்று எழுதித் தரும்படி அவனுடைய கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். கம்ப்யூட்டரைத் தொடாதவனுக்கும் புரிய வேண்டுமாம். முதல் பாடத்துக்கு உதாரணமாக ராகிக் களியை எடுத்துக்கொண்டான்.

"சுமா, கம்ப்யூட்டருக்குச் சொந்த புத்தி கிடையாது. எழுதிக் குடுத்தத மட்டும் செய்யும். இன்னைக்கு நீதான் கம்ப்யூட்டர். இதப் படிச்சு அப்படியே செய்."

"நான் யோசிக்கவே கூடாதுங்களா?"

"கூடவே கூடாது."

"சரிங்க."

இவ்வளவு சீக்கிரம் அவள் சரி என்றபோதே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. களி உருண்டையும் நேற்று வைத்த மொச்சைக் குழம்பும் வந்து சேரட்டும் என்று சோபாவில் சாய்ந்துவிட்டான்.

வெகுநேரம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தான். அடுப்பின் மேல் குண்டான், அதில் தண்ணீர், எதிரே கைகட்டி நிற்கும் சுமலதா.

"என்ன பண்றே?"

"தண்ணி கொதிக்கிற வரைக்கும் காத்திருன்னு எழுதியிருக்கீங்க. காத்திருக்கேன்."

"அடுப்பப் பத்த வைக்கல?"

"எழுதலையே!"

பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வரியைச் சேர்த்தான். தண்ணீர் கொதித்தது. 'மாவைப் போடு' என்றது அடுத்த வரி. மாவுப் பை முழுதாகக் கவிழப் போனது. பாய்ந்து பிடித்தான்.

"அய்யோ! எப்பவும் எவ்வளவு போடுவே?"

"எனக்கென்னங்க தெரியும்? கம்ப்யூட்டர்தானே நானு."

அளந்து போட்டுப் பார்த்தால்தானே அளவு எழுத முடியும்? போட்டான். கிண்டிப் பார்க்காமல் கிண்டுவதை எழுத முடியுமா? துடுப்பை எடுத்தான். கட்டி தட்டியது. மறுபடி கிண்டினான். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. திரும்பினால் கம்ப்யூட்டர் சோபாவில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தது.

"நீ பாட்டுக்குப் போயி உக்காந்துட்டே?"

"பிழை வந்தா எழுதினவரே சரி பண்ணணும், கம்ப்யூட்டர் மேல கோவப்படக் கூடாதுன்னு முதல் பக்கத்துலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்களே."

போட்டிருந்தான்தான். அழகான வாக்கியம் என்று காலையில் தானே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. கையை நனைக்காமல் உருட்டப் போய்ச் சுட்டுக்கொண்டான். அதையும் ஒரு வரியாகச் சேர்த்தான்.

ஆனாலும் களி பிரமாதமாக வந்திருந்தது. அவனுக்கே பெருமை தாங்கவில்லை. இரண்டாவது உருண்டையைக் குழம்பில் தோய்த்தபடி சுமலதா கேட்டாள்:

"ஜோரா இருக்குதுங்க. அடுத்த பாடம் என்ன?"

பெருமையில் வாய் முந்திக்கொண்டது. "ஒரு தடவை எழுதிட்டா போதும். அப்புறம் யாரும் சொல்லாமலே அதே வேலை திரும்பத் திரும்ப நடக்கும்."

"அப்படீங்களா? அப்ப இனிமே ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை நான் வாயத் தொறந்து சொல்ல வேண்டியதே இல்ல, களி தானா வந்துடும்."