றெட்வூட் மரத்துக்கு ஆவி பிடித்தவன்

கனவு காண்கிற ஆளை நம்பி ஒரு மரத்தை விட்டுவிட்டுப் போகக் கூடாது. மரம் எப்படியோ தப்பிவிடும். அந்த ஆள் குடியிருக்கிற கட்டடத்தில் மற்றச் சனத்தின் பாடுதான் திண்டாட்டம். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஆள் நான்தான்.

அப்போது நான் ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினெட்டாம் மாடியில், வசந்தன் அண்ணையோடு ஒரு அப்பார்ட்மென்றைப் பங்குபோட்டு இருந்தேன். அண்ணைக்குப் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் இரவு வேலை, பகல் முழுக்க நித்திரை. (கூரை இடிந்தாலும் எழும்பமாட்டார். சாப்பாட்டு வாசம் வந்தால் எழும்புவார்.) அந்தக் காலத்தில்தான் எனக்கு யூனியன்வில்லில் ஒரு பெண் பேசினார்கள். பெயர் ஆரணி. தோட்டங்களும் பூங்காக்களும் வடிவமைக்கிற வேலை. கோப்பிக் கடையில் சந்தித்துக் கதைத்தோம். முதல் கோப்பி ஆறுவதற்குள் நான் விழுந்துவிட்டேன். அவள் விழவில்லை. யோசிக்க வேண்டும் என்றாள்.

செப்டம்பரில் அவள் வேலை விஷயமாகக் கலிபோர்னியாவுக்குப் போகவேண்டி வந்தது. போகமுதல் சட்டியில் ஒரு மரத்தைக் கொண்டுவந்து தந்தாள். என் இடுப்பளவு உயரம், மெத்தென்ற பச்சை இலை.

"இது றெட்வூட். பால்கனியில வையுங்கோ. மண் காயாமப் பாத்தாக் காணும்," என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "நான் வந்து மரத்தைப் பாத்திட்டு எங்கட விசயத்துக்கும் முடிவு சொல்லுறன்," என்றாள்.

ஆக, மரம் இருந்தால் கலியாணம் இருக்கும். நான் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன்.

உடனே போனைத் திறந்து படித்தேன். கலிபோர்னியாவின் கரையோர றெட்வூட், உலகத்திலேயே உயரமான மரம். ஆயிரம் வருடத்துக்கு மேலும் நிற்குமாம். கோடையில் மழை பெய்யாவிட்டாலும் கடலில் இருந்து வரும் மூடுபனியைக் குடித்தே தாக்குப்பிடிக்குமாம். எந்தக் காலத்திலும் பச்சையாம். எனக்குப் புல்லரித்துப்போனது. வேலையால் வந்ததும் பால்கனியில் அதன் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுப்பேன். கண்ணை மூடினால் போதும், மரம் மெல்ல வளரத் தொடங்கும். இருபதாம் மாடியைத் தாண்டும், மேகத்தைத் தாண்டும். அடியில் வெள்ளை வெளேரென்று மூடுபனி. அதற்குள்ளே பட்டு வேட்டியில் நான், கூறைச்சேலையில் ஆரணி. இருவரும் மரத்தைச் சுற்றி நடப்போம். கீழே தெருவில் போகிற அம்புலன்ஸ் சத்தம்கூட எனக்கு நாதஸ்வரமாகத்தான் கேட்டது.

ஒக்டோபரில் மரம் நிறம் மாறியது. முதலில் செம்பு நிறம், பிறகு பழுப்பு. குளிர் பிடித்துவிட்டது என்று பதறி, ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் கறிவேப்பிலைச் சட்டியைத் தூக்குவதுபோல அதையும் வீட்டுக்குள் தூக்கினேன். உள்ளே வந்ததும் மிச்ச இலையும் கொட்டியது. சட்டியில் ஒரு தடிதான் நின்றது. ஆரணி போன் எடுத்து மரம் எப்படி என்று கேட்டாள். நல்லாயிருக்கிறது என்று சொன்னேன்.

யோசித்துப் பார்த்தேன். வீட்டுக்குள் ஹீற்றர் காற்று, நெஞ்சு காய்கிற காற்று. மரத்துக்கு மூடுபனி இல்லை, அதுதான் வருத்தம். தடிமன் வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? ஆவி பிடிப்போம். (இதை நினைத்தபோது என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.) வசந்தன் அண்ணையின் புட்டுப் பானையை அடுப்பில் ஏற்றி, பக்கத்தில் மரத்தை வைத்து, நாள்தோறும் ஆவி காட்டினேன். அண்ணை பானைச் சத்தத்தைச் சாப்பாடு என்று நினைத்துக் கண்விழித்து ஆசையாக வருவார். புட்டு இல்லையென்று கண்டு, திரும்பிப் போய்ப் படுப்பார்.

டிசம்பரில் ஆரணி வருகிற நாள் வந்தது. விமான நிலையத்தில் இருந்து நேரே மரத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாள். காலையில் கடைசி முயற்சியாகப் பானை நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு மரத்தடியில் சாய்ந்தேன். இதமான சூடு. மூடுபனி வந்தது. அன்றைக்கு அது வழமையைவிடத் தடிப்பாக இருந்தது. ஆரணி கைநீட்டினாள். நான் கையைப் பிடிக்கப்போக, அவள் இருமினாள். பார்த்தால் இருமியது நான்.

தண்ணீர் வற்றி, பானை வாயில் சுற்றியிருந்த துணி கருகி, வீடு முழுக்கப் புகை. அடுப்பை அணைத்துவிட்டு, புகை போகட்டும் என்று கொரிடோர்க் கதவை அகலத் திறந்தேன். அதைவிடப் பெரிய மடைத்தனம் அந்தக் கட்டடத்தில் ஒருவரும் செய்ததில்லை. புகை கொரிடோருக்குப் போக, முழுக் கட்டடத்துக்கும் அலாரம் அடித்தது.

நான் மரத்தைத் தூக்கினேன். என் ஜக்கெற்றை அதற்குப் போர்த்தினேன். பதினெட்டு மாடியும் படியால் இறங்கினேன். வெளியே பனியில் கைக்குழந்தைகள், வயதானவர்கள், ஈரத் தலையோடு பாதிக் குளிப்பில் வந்தவர்கள் எல்லாரும் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். நான் இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்றேன். தீயணைப்பு வண்டி வந்தது. அதற்குப் பின்னால் வந்த ரக்சியில் இருந்து ஆரணி இறங்கினாள். அதே நேரம், போர்வையைச் சுற்றிக்கொண்டு வசந்தன் அண்ணையும் கதவால் வெளியே வந்தார்.

"டேய், என்னை உள்ள விட்டிட்டு உந்தத் தடியையோ தூக்கிக்கொண்டு வந்தனீ?" என்றார்.

நான் சட்டியைக் கீழே வைத்தேன். ஆரணி ஜக்கெற்றை விலக்கி, பட்டையை நகத்தால் மெல்லக் கீறினாள். உள்ளே பச்சை.

"சாகேல்லை. நித்திரை. இது குளிருக்கு இலை கொட்டுற மரம்," என்றாள். சட்டிக்குள் கிடந்த காய்ந்த இலைக்கொத்தொன்றை எடுத்துக் காட்டினாள். கரையோர றெட்வூட்டுக்கு ஊசியிலைகள் மாறி மாறி இருக்குமாம். இதிலே சோடி சோடியாக எதிரெதிரே இருந்தன. இது சீனாவில் இருந்து வந்த வேறு றெட்வூட். நான் படித்த மரம் ரொறன்ரோக் குளிருக்குப் பிழைக்காதாம். இந்த மரத்துக்கோ குளிர் வேண்டுமாம். நான் அதை வீட்டுக்குள் பூட்டிவைத்து அவித்திருக்கிறேன்.

பிறகு அவள் அண்ணையிடம் திரும்பினாள். "இவர் எப்பவும் இப்பிடித்தானோ?"

"ஓம் பிள்ளை. ஆனா ஒரு நாளும் புட்டு அவிச்சுத் தரேல்லை."

அவள் சிரித்தாள். தன் மவ்ளரைக் கழற்றி என் கழுத்தில் சுற்றினாள். "மரம் வெளியில நிக்கட்டும். நீங்கள் உள்ள போங்கோ. ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவோட கதையுங்கோ," என்றாள். அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்தது. அவ்வளவு சந்தோசம்.

மரம் இப்போது எங்கள் வீட்டுப் பின்வளவில் கூரையைத் தாண்டி நிற்கிறது. இலை பழுக்கத் தொடங்கியதும் வசந்தன் அண்ணை வருடம் தவறாமல் போன் எடுத்து, துக்கக் குரலில், செத்தவீடு எத்தனை மணிக்கு என்று கேட்பார். போன வருடம் நேரே வந்து கேட்டுவிட்டு எங்கள் சோபாவிலேயே நித்திரையாகிவிட்டார். விழுந்து விழுந்து சிரித்த மகள் தாயிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மா, வீட்டில நெருப்புப் பிடிச்சா அப்பா ஆரைத் தூக்குவார்? என்னையோ, மரத்தையோ?"

"மரத்தைத்தான்," என்றாள் ஆரணி. "நீ ஓடிப்போய் வசந்தன் மாமாவை எழுப்பு."