எண்பதில் பிடுங்கும் அண்ணன்

செல்போனுக்கும் வயிறு உண்டு, அதுவும் நம்மைப் போல முட்ட முட்டத் தின்றால் கெட்டுப்போகும் என்று நம்பிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவரோடு ஒரே அறையில் சில வருடம் குடியிருந்தவன் நான்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டில் சார்ஜர் சண்டை உண்டுதானே? எங்கள் வீட்டில் தினமும் உண்டு. சார்ஜ் எண்பது ஏறியதும் நான் போய்ப் பிடுங்கிவிடுவேன். என் மகள் தாமரை, "நூறு வரைக்கும் போகும்போது எதுக்குப்பா எண்பது?" என்று வரிந்து கட்டிக்கொண்டு வருவாள். இதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. ஓர் ஆளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவருடைய பெயர் அடையாள அட்டையில் இருந்தது. கம்பெனி வாட்ச்மேனைத் தவிர வேறு யாரும் அதைப் படித்ததில்லை. எங்களுக்கு அவர் 'எண்பது அண்ணன்'. சென்னைக்கு வெளியே ஒரகடத்தில் கார்களுக்குப் பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை மிஷின் ஓங்கி அடித்து வளைக்கிற இடம் அது. அண்ணனுக்குப் பரமக்குடிப் பக்கம், எனக்கு அருப்புக்கோட்டை. வல்லக்கோட்டை போகிற வழியில் ஒரு லைன் வீட்டில் நாலு பேர் ஒரே அறையில் இருந்தோம். நாலு பேருக்கும் சேர்த்துச் சுவரில் ஒரே பிளக் பாயிண்ட். அதற்கு அண்ணன்தான் காவல்.

யார் போனாக இருந்தாலும் எண்பதில் பிடுங்குவார். நாம் குளித்துவிட்டு வருவதற்குள் நம் போன் தரையில் இருக்கும், அடுத்தவன் போன் சுவரில் தொங்கும். கேட்டால், "நூறு வரைக்கும் ஊட்டி ஊட்டி வளத்தியன்னா பேட்டரி சீக்கிரம் கிழடாயிரும்ப்பா. என்னைக்காவது ஒரு நாள் நமக்குத் தேவைப்படும்ல, அன்னைக்கு அது தெம்பா இருக்கணும்" என்பார்.

போனோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மெஸ்ஸில் நாலு இட்லியோடு கையைக் கழுவிவிடுவார். அஞ்சாவதை நீட்டினால், "எண்பது ஆயிருச்சு" என்பார். குளிக்கிற வாளியை விளிம்புவரை நிரப்ப மாட்டார். கம்பெனி பஸ்ஸில் படிக்கட்டில் ஆள் தொங்கினால் ஏறவே மாட்டார். "பஸ்ஸு நூறாயிருச்சு, நான் அடுத்ததுல வாரேன்" என்று நின்றுவிடுவார். அதனால் சூப்பர்வைசரிடம் அவர் வாங்கிய வசவுக்கு மட்டும் எண்பது, நூறு என்ற கணக்கே கிடையாது.

அவருடைய ஸ்மார்ட்போன் பாவப்பட்ட ஜென்மம். வெளிச்சத்தை அடியோடு குறைத்து வைத்திருப்பார். பகலில் யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க, துண்டால் தலையை மூடி உள்ளே நுழைந்துதான் பார்க்க வேண்டும். இன்டர்நெட்டை வேலை இருந்தால்தான் திறப்பார். கம்பெனிக்குள்ளே சிக்னல் எடுக்காத இடமென்பதால், லாக்கரில் வைக்கும்போது ஃபிளைட் மோடில் போட்டுவிடுவார். "டவரைத் தேடித் தேடியே அது களைச்சுப் போகுதுப்பா" என்பார். யாராவது தலையணைக்கு அடியில் போனை வைத்துச் சார்ஜ் போட்டால் அவருக்குப் பதறும். போனுக்குச் சூடுதான் எமன், அதைக் குளிர்ச்சியாக வையுங்கள் என்று தினமும் பாடம் நடத்துவார்.

அந்தப் பாடத்தை ஒழுங்காகக் கேட்டவன் எங்கள் அறையில் இருந்த சிவகங்கைச் சேது. ஒரு சித்திரை மாத மத்தியானம் வீட்டுக்கார அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாப்பா, என் வூட்டு பிரிட்ஜு பாட்டு பாடிகினு கீது. பேய் பூந்துகிச்சா?"

ஓடிப்போய்த் திறந்து பார்த்தால், பால் பாக்கெட்டுக்கும் கத்திரிக்காய்க்கும் நடுவில் சேதுவின் போன் வியர்த்துக்கொண்டே பாடுகிறது. "குளிர்ச்சியா வைக்கச் சொன்னது நீங்கதானண்ணே" என்றான் சேது. அண்ணன் அந்தப் போனைத் துடைத்து, அணைத்து, பேட்டரியைக் கழற்றி, நிழலில் ஆறவைத்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி பக்கத்திலேயே காத்திருந்தார். போன் பிழைத்தது. ஆனால் அதற்குப் பிறகு அதில் யார் பேசினாலும் சளி பிடித்தவர் பேசுவது போலவே கேட்டது.

அடுத்தது ஹெட்செட். அண்ணன் துணையில்லாமல் எங்கள் அறையில் யாரும் ஹெட்செட் வாங்கியதில்லை. முதலில் நம் காதைத் திருப்பிப் பார்ப்பார். பிறகு நாம் எந்த வழியாக நடந்து போகிறோம் என்று கேட்பார். சேது கன்டெய்னர் லாரி ஓடுகிற ரோட்டோரம் நடக்கிறவன். அதனால் காதுக்குள் அடைத்துக்கொள்கிற ரகம் அவனுக்குக் கூடாது, வெளியே தொங்குகிற ரகம்தான், அதிலும் ஒரு காதில்தான் மாட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். பிரஸ் ஷாப் ஆட்களுக்கு வேறு சட்டம். நாள் பூராவும் மிஷின் சத்தம் கேட்ட காதுக்கு முதலில் கொஞ்ச நேரம் ஓய்வு, அப்புறம்தான் பாட்டு, அதுவும் மெதுவாக.

அவர் தனக்கு ஹெட்செட் வாங்கிய கதையை ஒரகடம் கூட்ரோட்டில் இருந்த செல்போன் கடைக்காரர் சாகும்வரை மறக்க மாட்டார். கடைக்காரர் வழக்கம்போலக் குத்துப்பாட்டைப் போட்டுக் காட்டினார். அண்ணன் போனில் செருகுகிற பின்னுக்குப் பக்கத்தில் ஒயரை வளைத்துப் பார்த்தார், கரகரப்பு இல்லை. தலையாட்டிவிட்டுச் சொன்னார்:

"பாட்டு எல்லாத்துலயும் கேக்கும். நீங்க ரோட்டுக்கு அங்கிட்டுப் போயி எனக்குப் போன் போடுங்க. போட்டுட்டுச் சும்மா நில்லுங்க."

"சும்மா நின்னா இன்னா சார் கேக்கும்?"

"அதைத்தான் பாக்கணும்."

கடைக்காரர் போனார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாயை மூடி நின்றார். அண்ணன் கண்ணை மூடித் தலையை ஆட்டி, வேண்டாம் என்று கை காட்டுவார். அவர் திரும்பி வருவார். அடுத்த ஹெட்செட். மறுபடியும் போவார். டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் வேடிக்கை பார்க்க வெளியே வந்துவிட்டார்கள். கடைசியில் ஒன்றைக் காதில் மாட்டிய அண்ணன் முகம் மலர்ந்து, "உங்களுக்கு மூக்கடைப்பு இருக்கு, பாத்துக்கங்க" என்று அதையே வாங்கிக்கொண்டார்.

ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அந்த ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்கார்வார். யாருக்கோ போன் போடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, வச்சிர்றேன்" என்று மட்டும் சொல்லுவார். தினமும் இதே. லவ்வுதான் என்று சேது அடித்துச் சொன்னான். பேசாத காதலி கிடைக்க அண்ணன் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பொறாமையும் பட்டான்.

அப்புறம்தான் அந்த மழை வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றி ஊரே பயந்து பேசிக்கொண்டிருந்த வருடம். வானம் கறுத்த அன்றைக்கு அண்ணன் செய்த காரியத்தைப் பார்த்து நாங்கள் திகைத்துப்போனோம். தன் போனைச் சார்ஜில் போட்டார். எண்பது வந்தது, பிடுங்கவில்லை. தொண்ணூறு வந்தது, பிடுங்கவில்லை. "இன்னைக்கு வயிறு முட்டச் சாப்பிடட்டும்" என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு மழை மேல் முதன்முதலாகப் பயம் வந்தது.

கரண்ட் போயிற்று. ரோடு முழுக்கத் தண்ணீர், பஸ் ஓடவில்லை, கம்பெனிக்கு லீவு. பாட்டும் படமும் பார்த்துத் தீர்த்த எங்கள் மூன்று பேர் போனும் மறுநாளே செத்துவிட்டன. அருப்புக்கோட்டையில் என் மனைவி கலாவுக்கு அடுத்த வாரம் பிரசவத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். என் போன் சாகும் முன் மாமியார் கடைசியாகச் சொன்னது, வலி இப்போதே வந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டோம் என்பதுதான். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஒரு முழு நாளாகச் சோறு இறங்காமல் வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

அண்ணன் போன் மட்டும் உயிரோடு இருந்தது. அதிலும் நாலு சதவீதம்தான் மிச்சம். காலையில் அதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"உங்களுக்குப் பேச வேணாமாண்ணே?" என்றேன்.

"எங்கப்பாவுக்கு வாதம் வந்து வாய் வராதுப்பா. அம்மா போனை அவரு வாய்ப் பக்கம் வச்சிருவாக. நான் மூச்சைக் கேட்டுக்குவேன், இழுப்பு இருக்கா இல்லையான்னு." அதோடு நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நேத்து நல்லாத்தான் மூச்சு விட்டாரு. ஒரு நாள் தாங்குவாரு. நீ வா."

மொட்டைமாடிக்குப் போனோம். மேலேதான் டவர் கொஞ்சமாவது கிடைக்கும். சேது தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்தான். ஸ்பீக்கரில் போடலாம் என்றான். சார்ஜைத் தின்னும் என்று அண்ணன் முறைத்தார். ஹெட்செட்டின் ஒரு முனை என் காதில், இன்னொன்று அவர் காதில். மாமியார் போனுக்கு மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். யாரும் பேசவில்லை. நான் ஹலோ, ஹலோ என்று கத்தினேன். மழைச் சத்தம்தான் கேட்டது. சார்ஜ் வீணாகிறதே என்று கட் பண்ணப் போனேன்.

அண்ணன் என் கையைப் பிடித்தார். "வச்சிராத. ஆள் இருக்கு." கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டு மூச்சு கேக்குதுப்பா. ஒண்ணு பெருசு. ஒண்ணு பொடுசு."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பூனைக்குட்டி போல ஒரு சிணுங்கல். அதற்குப் பின்னால், அழுகையை விழுங்கிக்கொண்டு கலாவின் குரல்: "கேக்குதாங்க? பொம்பளப் புள்ள." நானும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். போன் அணைந்துவிட்டது.

கீழேயிருந்து வீட்டுக்கார அக்கா, "இன்னா கொயந்தப்பா?" என்று குரல் கொடுத்தார். அண்ணன்தான் சொன்னார். சொல்லிவிட்டுச் செத்துப்போன போனைச் சட்டையில் துடைத்து, தெற்கே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

கரண்ட் வந்த அன்று எண்பது வரைக்கும் காத்திருக்கக்கூட அவரால் முடியவில்லை. பத்து ஏறியதுமே தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினார். அவர் "சரி, வச்சிர்றேன்" என்று சொல்லும்வரை நாங்கள் மூன்று பேரும் வாசலிலேயே நின்றோம்.

இப்போது அண்ணன் ஊரோடு போய்விட்டார். அவர் அப்பாவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சில நேரம் பரமக்குடியிலிருந்து போன் வரும். தாமரை எடுத்துக் காதில் வைத்துவிட்டு, "யாரும் பேச மாட்டேங்கிறாங்கப்பா, வச்சிரவா?" என்பாள்.

"வச்சிராதம்மா. ஆள் இருக்கு" என்பேன்.